சிரிக்காமலிருக்கும் சுதந்திரம்

சிரிப்பு ஒரு செயலா, அல்லது தும்மலைப் போல நம்மை மீறி நடந்துவிடுகிற ஒன்றா என்பதைப் பற்றி நான் வெகுநாள் யோசித்ததில்லை. தும்மலுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. பொறுப்பு இல்லாத இடத்தில் அறம் பற்றிய பேச்சுக்கு வேலை இல்லை. 'சிரிப்பு வந்தது, சிரித்தேன். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்கள் இந்தச் சௌகரியத்தின் மேல் நின்றுகொண்டுதான் கேட்கிறார்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். 'லிட்டில் பிரிட்டன்' என்ற பிரிட்டிஷ் டெலிவிஷன் நிகழ்ச்சியும், அதைப் பார்த்துப் பல வருஷங்கள் கழித்து என் கவுண்டரில் நடந்த ஒரு சிறு விஷயமும் சேர்ந்து என்னை அங்கிருந்து நகர்த்தின. எவ்வளவு தூரம் நகர்த்தின என்று எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மாட் லூகாஸ், டேவிட் வாலியம்ஸ் இருவரும் எழுதி நடித்த நிகழ்ச்சி அது. முதலில், 2000ல், பி.பி.சி. ரேடியோ 4ல் வந்தது. ரேடியோவில் முகத்துக்குச் சாயம் பூச வழியில்லை, குரல் ஒன்றுதான். 2003ல் பி.பி.சி. த்ரீ என்ற புதிய சானலில் டெலிவிஷன் வடிவம் பெற்றது. 2005ல் மூன்றாவது தொடர் பி.பி.சி. ஒன்றிலேயே வந்தபோது ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அதைப் பார்த்தார்கள். மூன்று தொடர்களும் சேர்ந்து 20 பகுதிகள்தாம். சில நிமிஷங்களே ஓடும் துண்டுக் காட்சிகள். அவற்றை இணைத்துச் செல்லும் குரல் டாம் பேக்கருடையது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிலைமை, ஒரு வாக்கியம். வாராவாரம் அதே நிலைமை, அதே வாக்கியம். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்பன் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தான். பாடத்தில் இருந்த ஆங்கில நாடகங்கள் எவற்றையும் விட இதை அதிகத் தடவை பார்த்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2020 மே மாதத்தில் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகு, ஜூனில், நெட்ஃப்ளிக்ஸும் பி.பி.சி.யின் ஐபிளேயரும் பிரிட்பாக்ஸும் இந்த நிகழ்ச்சியை எடுத்துவிட்டன. வெள்ளைக்காரர்களான இருவரும் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு வேறு இனத்தவராக நடித்த காட்சிகள் காரணம். டெஸிரே என்ற கறுப்பினப் பெண்ணாக வாலியம்ஸ் வந்தார். டிங் டாங் என்ற தாய்லாந்துப் பெண்ணாக லூகாஸ் வந்தார். இருவரும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். 2022ல் அந்தக் காட்சிகளை வெட்டிவிட்டு நிகழ்ச்சியை ஐபிளேயரில் மறுபடியும் வைத்தார்கள்.

இதற்குள் நடந்த சண்டையில் இரண்டு கட்சிகள். ஹாஸ்யத்துக்கு எல்லை போட்டால் ஹாஸ்யம் செத்துவிடும் என்பது ஒன்று. பலவீனர்களைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் சங்கடம். இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் சிரிப்பைப் பற்றிப் பேசாமல் மற்றவர்கள் சிரித்ததைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய சங்கடமாகப் படுகிறது.

நிகழ்ச்சிக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய வலுவான வாதத்திலிருந்து தொடங்குகிறேன். கேலிக்கு உள்ளாகிறவர் யார் என்று பார்க்க வேண்டும் என்பது அந்த வாதம். மார்ஜரி டாஸ் என்று ஒரு பாத்திரம், லூகாஸ் நடித்தது. உடல் பருமனைக் குறைக்கக் கூடும் ஒரு குழுவை நடத்துகிறாள். எல்லோரையும் பருமனைச் சொல்லி அவமானப்படுத்துகிறாள். தானும் பருமன்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அந்தக் குழுவில் மீரா என்ற இந்தியப் பெண். மீரா பேசுவது தெளிவான ஆங்கிலம். அறையில் உள்ள அத்தனை பேருக்கும் புரிகிறது. பார்க்கிற நமக்கும் புரிகிறது. மார்ஜரிக்கு மட்டும் புரியாது. மறுபடி சொல்லச் சொல்வாள். மீரா சொல்வாள். மறுபடியும் சொல்லச் சொல்வாள். புரியாததுபோல் நடிப்பதுதான் மார்ஜரியின் அதிகாரம். இந்தக் காட்சி யாரைக் கேலி செய்கிறது என்று கேட்டால், சந்தேகமில்லாமல் மார்ஜரியைத்தான். இதைவிடச் சுருக்கமாக ஒரு தேசத்தின் அற்பத்தனத்தைக் காட்டிவிட முடியாது என்று அன்று நினைத்தேன். இன்றும் அந்த அபிப்பிராயத்தை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் கேலிக்கு உள்ளாகிறவர் யார் என்பதை எழுதுகிறவன் தீர்மானிக்கிறான். சிரிக்கிறவன் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவனல்ல. இது பிரிட்டிஷ் டெலிவிஷனுக்குப் புதிதல்ல. 1965ல் தொடங்கி 1975 வரை வந்த 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்ற தொடரில் ஆல்ஃப் கார்னெட் என்ற இனவெறியனை ஜானி ஸ்பைட் எழுதினார். வாரன் மிட்செல் நடித்தார். எழுதியவர் இடதுசாரி, நடித்தவர் யூதர். இருவரும் அந்த மனிதனைத் தோலுரிப்பதாகவே நம்பினார்கள். பார்த்தவர்களில் கணிசமானவர்கள் ஆல்ஃப் கார்னெட் தங்கள் மனசில் இருப்பதைத் தைரியமாகச் சொல்கிறான் என்று அவனைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். எழுதியவனின் நோக்கம் சிரிப்போடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. 'லிட்டில் பிரிட்டன்' இந்த ஆபத்தைப் பல மடங்காக்கியது. காரணம், அதன் வாக்கியங்கள் கழற்றி எடுத்துக்கொண்டு போக வசதியாகச் செய்யப்பட்டவை. மார்ஜரியின் 'இன்னொரு தடவை சொல்லு' என்பதைக் கழற்றி ஆபீசுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எடுத்துச் சென்றால், கூடவே மார்ஜரியின் அவலட்சணம் வருவதில்லை. வாக்கியம் மட்டும் வருகிறது. எதிரில் ஒரு மீரா இருந்தால் போதும்.

சிரிப்பைப் பற்றி யோசித்தவர்கள் யாரும் அதை நிரபராதி என்று விட்டதில்லை. மற்றவன் தாழ்வைக் கண்ட கணத்தில் நம் உயர்வு நமக்குத் திடீரென்று உறைப்பதுதான் சிரிப்பு என்று 17ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் சொன்னார். சிரிக்கும் நேரத்துக்கு மட்டும் நம் இதயம் மரத்துப்போக வேண்டியிருக்கிறது என்பது 1900ல் பெர்க்ஸன் கண்டது. இருவருமே சிரிக்கிறவன் பக்கம் நின்று பார்த்தவர்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குச் சொல்லும் நான்கு நிலைக்களன்களில் எள்ளல் ஒன்று. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டபோது தானே சிரிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எள்ளப்பட்டவனையும் சிரிக்கிறவனாக அவர் பார்த்திருக்கிறார். ஒரு கேலி நியாயமானதா என்று அறிய, கேலிக்கு உள்ளானவனும் சேர்ந்து சிரிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும் என்று இதிலிருந்து ஒரு அளவுகோலை நான் செய்துகொண்டேன். சில வருஷங்கள் அது எனக்கு உதவியாகவும் இருந்தது.

அந்த அளவுகோலுக்கு என் சொந்த அனுபவமே ஆதாரம். நிகழ்ச்சியில் கரோல் பீர் என்று ஒருத்தி. வாலியம்ஸ் நடித்தது. முதலில் ஒரு பாங்கில் வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் கீபோர்டில் தட்டுகிறாள். பிறகு கம்ப்யூட்டர் முடியாது என்கிறது என்று சொல்கிறாள். எவ்வளவு மன்றாடினாலும் அதே பதில். கடைசியில் வாடிக்கையாளர் முகத்தில் இருமிவிடுகிறாள். நான் பாங்கில் சேர்ந்த பிறகு இந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். அது நான்தான். 'சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது', 'சர்வர் டவுன்', 'நாளைக்கு வாங்க' என்று நான் நாள் முழுவதும் சொல்வதை ஒரு வெள்ளைக்காரன் பெண் வேஷத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். விழுந்து விழுந்து சிரித்தேன். எள்ளப்பட்டவன் தானே சிரிக்கிற சிரிப்பு. மறுநாள் கவுண்டரில் ஒரு கிழவியிடம் 'சிஸ்டம்' என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டு எழுந்துபோய் மானேஜரிடம் கேட்டுவந்தேன். இந்த அளவுக்குக் கலை ஒரு மனிதனைத் திருத்தினால் போதாதா?

அதன் பிறகுதான் நான் மேலே சொன்ன விஷயம் நடந்தது.

எங்கள் கிளைக்கு அருகில் ஒரு பெரிய கட்டிட வேலை. அங்கே வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், மாதம் ஒரு தடவை வந்து ஊருக்குப் பணம் அனுப்புவார். தமிழ் கற்றுக்கொண்டிருந்தார்; யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, காதில் விழுந்ததிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை கூட்டத்தில் என் முன் வந்து நின்று, "சார், என் பணம் போச்சா?" என்றார். ஊருக்குப் போயிற்றா என்று கேட்கிறார். எனக்குப் புரிந்தது. பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர், "போச்சு போச்சு, எல்லாம் போச்சு" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான், "என்னப்பா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு" என்றேன். அவர் சொன்னார். சிரிப்பு பெரிதாயிற்று. "சத்தமாச் சொல்லுப்பா, காதுல விழல." சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது அவரும் சிரித்தார்.

அன்று இரவு வரைக்கும் எனக்கு எதுவும் உறுத்தவில்லை. அவரும்தான் சிரித்தாரே. என் அளவுகோலின்படி அது நியாயமான கேலி. படுத்த பிறகு, கவுண்டரில் நான் சொன்ன வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. மார்ஜரியைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருப்பேன். அவளுடைய அற்பத்தனத்தை நண்பர்களுக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பேன். அத்தனைக்கும் பிறகு என் வாயில் தங்கியது அவளுடைய வாக்கியந்தான்.

அந்த மனிதர் ஏன் சிரித்தார்? சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முகத்தைச் சுளித்திருந்தால், கோபித்திருந்தால், அவருடைய கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் அரைமணி ஆகியிருக்கும். அடுத்த மாதமும் அவர் இதே கவுண்டருக்குத்தான் வரவேண்டும். அவருடைய சிரிப்பு அவர் கட்டிய கட்டணம். கரோல் பீரைப் பார்த்து நான் சிரித்தேனே, அதற்கும் இதற்கும் வெளியே தெரியும் வித்தியாசம் ஒன்றுமில்லை. எனக்குப் பிடிக்கவில்லையென்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். கோபம் வந்திருந்தால் பாங்கு ஊழியர்களை இழிவுபடுத்துகிறார்கள் என்று எங்கள் யூனியன் பத்திரிகையில் எழுதியிருப்பேன். கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் என்னைக் கேலி செய்வது எனக்கு உபகாரம். அதனால், எள்ளப்பட்டவன் சிரிக்கிறானா என்று பார்த்தால் போதாது. சிரிக்காமலிருக்கும் சுதந்திரம் அவனுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சுதந்திரம் இருக்கிற இடத்தில்தான் அவன் சிரிப்புக்கு அர்த்தம்.

இதை வைத்துக்கொண்டு 'லிட்டில் பிரிட்டனை' மறுபடி யோசித்தால் சில விஷயங்கள் இடம் மாறுகின்றன. மீரா சிரிப்பதில்லை. பொறுமையோடும் சலிப்போடும் அவள் முகம் மார்ஜரியைப் பார்த்தபடி இருக்கிறது. அந்தப் பாத்திரத்தில் ஒரு இந்திய நடிகை நடித்ததால் சிரிக்க மறுப்பதற்கு அங்கே ஒரு முகம் இருந்தது. நடப்பது இன்னது என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது அந்த முகந்தான். டெஸிரேயிடம் அந்த முகம் இல்லை. கறுப்புச் சாயத்துக்கு உள்ளே இருப்பவர் வாலியம்ஸ். கேலிக்கு உள்ளாகிறவர் அறையிலேயே இல்லை. சிரிக்காமலிருக்க யாரும் இல்லை. சாயம் பூசுவதில் உள்ள அநியாயத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கறுப்புச் சாயம் பூசிப் பாடி ஆடிய 'பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ'வை பி.பி.சி. 1958 முதல் 1978 வரை இருபது வருஷம் நடத்தியது. 1967லேயே அதை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. இந்தச் சரித்திரம் எல்லாம் சரிதான். என் வரையில் விஷயம் இன்னும் எளியது. மறுக்கக்கூடிய ஒரே ஆளை வெளியே அனுப்பிவிட்டு அவர் இடத்தில் நாமே உட்கார்ந்துகொள்வது அது.

அப்படியானால் யாரும் தன்னையல்லாத ஒருவரை நடிக்கவே கூடாதா என்று கேட்பார்கள். கரோல் பீரும்தான் வாலியம்ஸின் வேஷம். பாங்கு குமாஸ்தா யாரும் அந்த ஸ்டூடியோவில் இல்லை. நடிப்பு என்பதே பிறராவதுதான்; இதை மறுக்கிறவன் கலையின் அடிவயிற்றில் உதைக்கிறான். நடிக்கப்படுகிறவருக்குக் காட்சிக்கு வெளியிலாவது ஒரு இடம், ஒரு குரல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குமாஸ்தாவுக்கு இருக்கிறது. விக்கி பொல்லார்டுக்கு?

விக்கி பொல்லார்டாக லூகாஸ் வருவார். ரோஸ் நிற விளையாட்டு உடுப்பு, தள்ளுவண்டியில் வரிசையாகக் குழந்தைகள், மூச்சுவிடாமல் முன்னுக்குப் பின் முரணாகப் பேசும் வாய். ஒரு பாட்டு ஸி.டி.க்காகக் குழந்தையைக் கொடுத்துவிட்டவள். ஏழை உழைக்கும் வர்க்கத்துப் பெண், பிரிஸ்டல் வட்டாரத்துப் பேச்சு. லூகாஸும் வாலியம்ஸும் நல்ல பள்ளிக்கூடங்களில் படித்துவிட்டு, நாடகம் படிக்க பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். விக்கி மாதிரிப் பெண்களுக்கு பி.பி.சி.யில் சானல் கிடையாது; பத்திரிகையில் பத்தி கிடையாது. ஓவன் ஜோன்ஸ் 2011ல் வந்த தன் புத்தகத்தில், உழைக்கும் வர்க்கத்தைப் பூதமாகக் காட்டும் போக்கைப் பற்றி எழுதும்போது விக்கியையும் சேர்த்திருக்கிறார். 2022ல் காட்சிகளை வெட்டியவர்களின் கத்தரி விக்கிமேல் படவில்லை. தோலின் நிறத்தைக் கேலி செய்தால் ஆபத்து என்று ஸ்தாபனம் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டுவிட்டது. வறுமையைக் கேலி செய்வதில் அதற்கு இன்னும் நஷ்டம் வரவில்லை. இதை அறவுணர்வு என்று அழைக்க எனக்கு மனசில்லை.

இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் பி.பி.சி.யிலேயே இருக்கிறது. 1996ல் ரேடியோவிலும் 1998 முதல் 2001 வரை டெலிவிஷனிலும் 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்ற நிகழ்ச்சியை சஞ்சீவ் பாஸ்கர், மீரா சயால் முதலிய பிரிட்டிஷ் இந்தியர்கள் நடத்தினார்கள். அதில் ஒரு காட்சி: இந்தியாவில் ஒரு கூட்டம் குடித்துவிட்டு இங்கிலீஷ் ஹோட்டலுக்குப் போய், பரிமாறுகிறவன் பெயரைக் கொலை செய்து, இருப்பதிலேயே காரமில்லாத, உப்புச் சப்பற்ற சாப்பாடு எதுவென்று கேட்டு ரகளை பண்ணுகிறது. வெள்ளிக்கிழமை இரவுகளில் இந்திய ஹோட்டல்களில் தாங்கள் அடிக்கும் கூத்தை வெள்ளைக்காரர்கள் அதில் பார்த்தார்கள், பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்காமலும் இருந்திருக்கலாம்; யாருக்கும் எதுவும் குறைந்துபோயிருக்காது. அதனால்தான் அது நல்ல சிரிப்பு.

படைப்பாளிகள் இருவரையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. லூகாஸ் ஆறு வயதில் தலைமுடியை இழந்தவர்; ஒருபால் விருப்பம் கொண்டவர். எள்ளப்படுவது என்ன என்பதை யாரும் அவருக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. டாஃபிட் என்ற அவருடைய பாத்திரம், தன் வேல்ஸ் கிராமத்தில் தான் ஒருவன்தான் ஒருபால் விருப்பமுள்ளவன், ஊரே தன்னை ஒடுக்குகிறது என்று புலம்பிக்கொண்டிருப்பான். ஊரோ அவனை அன்போடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. இன்னும் பல பேர் அவனைப் போலவே அங்கே இருக்கிறார்கள். அதை ஒப்புக்கொண்டால் அவனுடைய தனித்தன்மை போய்விடும். தன்னைத்தானே இப்படிக் கேலி செய்துகொள்வதற்கு ஒரு தெம்பு வேண்டும். அதே லூகாஸ் 2017ல் ஒரு பேட்டியில், இப்போது செய்வதானால் கறுப்பராக நடிக்க மாட்டேன், அன்று செய்தது இன்று செய்யக்கூடியதைவிடக் கொடூரமான நகைச்சுவை என்ற பொருளில் சொன்னார். யாரும் நிகழ்ச்சியை எடுக்காத, யாரும் மிரட்டாத காலத்தில், மூன்று வருஷம் முன்பே, சொன்னது. எனக்கு மரியாதை அந்தப் பேட்டியின்மேல்தான். 2022ன் கத்தரியின்மேல் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழைய விதி உண்டு. லெட்ஜர் எழுதிய காலத்து ஊழியர்கள் சொல்வார்கள்: தப்பாக எழுதியதைச் சுரண்டக் கூடாது, அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, படிக்க முடிகிறபடி விட்டு, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இன்றைக்குக் கம்ப்யூட்டரிலும் தப்பான பதிவு மறைந்துபோவதில்லை; அதற்கு நேர் எதிராக இன்னொரு பதிவு போட்டுச் சரிக்கட்டுகிறோம். இரண்டும் நிற்கும். தப்புச் செய்தவனுக்கு அதில் சௌகரியம் இல்லை. கணக்குக்கு அதுதான் நாணயம். பி.பி.சி. செய்தது சுரண்டல். அந்தக் காட்சிகளை ஒளிபரப்பியதும், பார்த்து மக்கள் சிரித்ததும், வெட்டிய பிரதியில் நடக்காத விஷயங்கள் ஆகிவிட்டன. வெட்டிய பிரதியைப் பார்க்கும் ஒரு இளைஞனுக்குத் தன் அப்பா எதற்குச் சிரித்தார் என்று தெரிய வழியில்லை. டெஸிரேயை மறுபடி காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோடு தெரிய வேண்டும் என்கிறேன்.

நான் போட வேண்டிய கோட்டைத்தான் இந்தக் கட்டுரையில் போட்டிருக்கிறேன். சரியான பதிவு என்ன என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த மாதம் அவர் வந்தபோது மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். வரிசையில் அவர் முறை வந்தது. அவர் எதுவும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து இந்தப் பக்கம் தள்ளினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையெழுத்துப் போல் இருந்தது. 'போன வாரம் அனுப்பிய பணம் ஊரில் கிடைத்துவிட்டதா?' என்று பிழையில்லாத தமிழில் எழுதியிருந்தது. பார்த்துவிட்டு, "கிடைச்சுடுச்சுங்க" என்றேன். தலையசைத்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் கிளையில் அவர் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.